சாக மறுத்த வில்லாளி

நல்ல வில்லாளியை உருவாக்குவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் இரண்டு சொல்லில் முடித்துவிடுவேன்: கிட்டப் போகாதே. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பலத்துக்குப் புள்ளி போட்டு வீணாக்காதே, அது வாள் தூக்குகிறவர்களின் பாடு. கைவேகத்துக்கு அள்ளிப் போடு. மிச்சத்தைப் பார்வைக்குக் கொடு. அழகுக்கும் பேச்சுக்கும் ஒன்றும் வேண்டாம், எதிரியோடு அவன் கதைக்கப் போவதில்லை. உயரத்தில் நில், மறைந்து நில், எய்தவுடன் இடத்தை மாற்று. நான் கணிதம் படிப்பிக்கிறவள். தோற்பது எனக்குப் பிடிக்காது. விளையாட்டுத்தானே என்று சிரித்துக்கொண்டு தோற்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த விளையாட்டை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் தோழி. தாராபுரத்தில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்கூட்டியில் வருவாள். கம்பஸில் படித்த காலத்தில் பழகியதாம். ஒருத்தி கதையை நடத்துவாள். காடு, கோட்டை, பூதம் எல்லாம் அவள் வாயில் இருந்துதான் வரும். மற்றவர்கள் கொடுத்த புள்ளிகளைப் பலம், கைவேகம், பார்வை என்று பிரித்துப் போட்டு ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, அது என்ன செய்கிறது என்று சொல்லவேண்டும். சொன்னது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். எங்கள் மேசையில் கதையை நடத்தியவள் தோழி. விளையாடியது நானும், பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கும் விடத்தல்தீவு நேர்ஸ் பிள்ளையும். என் பாத்திரம் வில்லாளி. நேர்ஸ் வாள்வீரியாக வந்தாள். வாளின் பிடியில் சிவப்புக் கல் பதிக்கவேண்டும் என்பதற்காகக் கவசத்தை விற்றவள் அவள். அதைப்பற்றி நான் இனிப் பேசாமல் இருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது.

தோழியிடம் ஒரு சொந்தச் சட்டம் இருந்தது. காற்றைச் சொல்லாமல் அம்பு விடக்கூடாது. விளையாட்டின் விதிகளில் அப்படி ஒன்று இல்லை, மன்னாரில் பிறந்தவளுக்குத்தான் அது தோன்றும். அதுவும் கதைக்குள் வீசுவது வெளியே வீசுகிற அதே காற்றுத்தான். ஒவ்வொரு முறையும் நான் யன்னலால் எட்டி, பனை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, காற்றைச் சொல்லி, வில்லாளி எங்கே நிற்கிறான், என்ன காண்கிறான் என்று உரக்கச் சொல்லவேண்டும். தென்மேற்கில் இருந்து சோளகம் அடிக்கிற மாதங்களில், காற்றுக்கு எதிரே எய்த என் அம்புகள் எல்லாம் வீண்போயின. அதற்காக அவளோடு பலமுறை சண்டை பிடித்தேன்.

வில்லாளிக்கு அண்ணாவின் உடம்பைக் கொடுத்தேன். பாசத்தில் அல்ல, கணக்குக்கு அது சரியாக வந்தது. அண்ணா இடதுகைக்காரர். நடந்தால் சத்தம் கேட்காது. கரையில் எல்லாரும் நெற்றியில் கையை வைத்துத் தேடிக்கொண்டிருக்க, வருவது யாருடைய போட் என்று முதலில் சொல்கிறவர் அவர்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு சோளகத்தில் கடலுக்குப் போனார். போட் தென்கரையில் ஒதுங்கியது. வலை அதற்குள் அப்படியே கிடந்தது. அண்ணா இல்லை.

கார்த்திகை மாதத்தில் எங்கள் கத்தோலிக்க ஆட்கள் இறந்தவர்களின் பெயர்களைக் கோயிலில் கொடுப்பார்கள். ஃபாதர் பூசையில் அவற்றை வாசிப்பார். அப்பாவின் பெயரை அம்மா தவறாமல் கொடுப்பார். அண்ணாவின் பெயரைக் கொடுக்க யாரையும் விட்டதில்லை. சொந்தக்காரர்கள் கேட்டுப் பார்த்தார்கள், ஃபாதரே வீட்டுக்கு வந்து சொல்லிப் பார்த்தார். "உடம்பு வரேல்லை" என்பார் அம்மா.

நாங்கள் விளையாடும்போது அம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருப்பார். எங்கள் சத்தம் அவருக்கு இடைஞ்சல் என்று கதவைச் சாத்திவைப்போம். ஒரு ஞாயிறு கதவு திறந்து கிடந்தது. வில்லாளி அப்போது கடலோரத்தில் இடிந்த கோட்டை ஒன்றின் மதிலில் ஏறி நின்றான்.

"கோட்டை வெறிச்சோடிக் கிடக்கு. என்ன காணுறாய்?" என்றாள் தோழி.

"மதில், படி, கிணறு. ஒருத்தரும் இல்லை."

"கிணத்தடியில ஆள் நிக்குது," என்றார் அம்மா குசினியில் இருந்து.

நேர்ஸும் நானும் சிரித்தோம். தோழி சிரிக்கவில்லை. கிணற்றுக்குப் பின்னால் ஒரு கொலைகாரனை அவள் ஒளித்துவைத்திருந்தாள், அதுவும் மனதுக்குள் மட்டும். ஸ்கூட்டியில் வரும்போது தோன்றியதாம். தாய்மார் எங்கே போனாலும் முதலில் கிணற்றடியைத்தான் பார்ப்பார்கள் என்று நான் ஒரு விளக்கம் சொன்னேன். கொலைகாரனை முதல் அம்பிலேயே விழுத்தினேன். அன்று எனக்கு வந்தது சந்தோஷம் மட்டும்தான்.

அதற்குப் பிறகு அம்மா கதவைச் சாத்தவிடவில்லை. கிழமை நாட்களிலும் கேட்கத் தொடங்கினார். நான் பள்ளிக்கூடத்தால் வந்து செருப்பைக் கழற்றும் முன்னே, "அவன் இப்ப எங்க நிக்கிறான்?" என்பார்.

"அம்மா, அது விளையாட்டு."

"எனக்குத் தெரியாதே? என்னை விசரியெண்டு நினைச்சியோ?"

பைத்தியம் என்று நினைக்க இடமே வைக்கவில்லை. அவர் சொன்னதெல்லாம் நல்ல யோசனைகள். "அவன் அதில நிக்கமாட்டான். மணல் மேட்டுக்குக் காத்து ஒதுக்கில படுப்பான், தலை மட்டும் வெளியில தெரியும்" என்பார். நான் அதன்படி செய்வேன். பகடை உயர்ந்து விழும். கணிதம் படிப்பிக்கிறவள் இதைச் சொல்லக்கூடாது, பகடைக்கு யார் சொன்னார்கள் என்பது தெரியாது. ஆனால் விழுந்தது.

ஒரு புதன்கிழமை பின்னேரம் அம்மா மா அரித்துக்கொண்டிருந்தார். வெளியே வெயில் எரித்தது. அரித்த மாவைப் பார்த்துக்கொண்டே, "நல்லா நனைஞ்சுபோனான், பாவம்" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. தோழியிடமும் சொல்லவில்லை, வாயால் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு எண்ணம். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து உட்கார்ந்து, "மழை. புதன்கிழமை தொடங்கினது, இன்னும் விடேல்லை. எல்லாரும் தெப்பமாய் நனைஞ்சு நிக்கிறியள்" என்று கதையைத் தொடங்கினாள்.

நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். "வெளியில ஒரு துளி மழை இல்லையே?"

"தெரியேல்லை," என்றாள். "யோசிச்சா மழையெண்டுதான் வருது."

அன்று அம்மா எங்களுக்குப் புட்டு வைத்தார். மேசையில் மூன்று பேர் இருந்தோம். நான்கு சாப்பாட்டுக் கோப்பை வந்தது. நாலாவதை மூடிவைத்துவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார். நேர்ஸ் பிள்ளை என் கையைப் பிடித்து, "அக்கா, இது நல்லதில்லை. நிப்பாட்டுங்கோ" என்றாள். கவசத்தை விற்றவளுக்குக்கூட விளங்கியது.

எனக்குப் பேய்ப் பயம் இல்லை. அம்மாவைப் பற்றித்தான் பயந்தேன். அண்ணாவைக் கடல் கொண்டுபோனது. நான் புள்ளி பார்த்துப் பார்த்துச் செய்த ஒருவன் அம்மாவைக் கொண்டுபோய்விடுவான் போலிருந்தது. இரவில் அவர் அறையில் பேச்சுக் குரல் கேட்கும். காது கொடுத்தால் நின்றுவிடும். விளையாட்டை நிறுத்துவோம் என்று ஒரு ஞாயிறு தோழியை வரவேண்டாம் என்றேன். அம்மா அன்று முழுக்கச் சாப்பிடாமல் வாசலில் நின்றார். நிறுத்தினால் அவனும் வராமல் போனவனாகிவிடுவான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் செத்தே ஆகவேண்டும். எல்லாரும் பார்க்க, உடம்போடு.

அவனைக் கொன்றுவிடச் சொல்லி ஆசிரியர் அறையில் தோழியிடம் கேட்டேன். அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

"அவனை நான் கொல்லமாட்டன். வேணுமெண்டா நீயே கிட்டப் போ."

அடுத்த ஞாயிறு காற்று மாறி வாடை தொடங்கியிருந்தது. பனை ஓலைகள் மறுபக்கம் சாய்ந்தன. கதையில் எங்களைச் சுற்றி வற்றிய கடல். மணல் திட்டு ஒன்றின் மேல் பூதங்கள் வந்துகொண்டிருந்தன. வில்லாளி நின்ற பாறையில் இருந்தால் ஒன்றும் அவனைத் தொடமுடியாது. நான் காற்றைச் சொன்னேன். பிறகு, "இறங்கிறான்" என்றேன். நேர்ஸ் வாயைப் பொத்தினாள். "மறைவில்லாமல் நடந்து போறான். வில்லைத் தூக்கேல்லை."

தோழி பூதங்களுக்காகப் பகடை உருட்டினாள். தவறியது. மறுபடி உருட்டினாள். தவறியது. இன்னும் கிட்டப் போனேன். கோடரி தவறியது, ஈட்டி தவறியது. கைவேகத்துக்கு அள்ளிப் போட்டது நான்தானே. என் வாழ்நாளில் நான் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான் போல. சாக விட்டாலும் சாகமாட்டேன் என்றான். எனக்குக் கோபத்தில் கண் கலங்கியது.

அம்மா சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். காலியாக இருந்த கதிரையை இழுத்து, முதன்முறையாக எங்களோடு உட்கார்ந்தார்.

"சாகட்டும் எண்டுதானே கிட்ட விட்டனீ?"

பொய் சொல்ல வரவில்லை. "ஓம் அம்மா."

"அவன்ர கண்ணுக்கு நீ கனக்கப் புள்ளி போட்டிருக்கிறாய், என்ன?"

"ஓம்."

"அப்ப பார்த்துச் சொல்லு. அங்க நிண்டு பார்க்க, அவனுக்கு எங்களைத் தெரியுதோ?"

தோழி பகடையை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்ப எடுத்துவிட்டாள். நான் மேசையைத்தான் பார்த்தேன். ஆனால் ஈர மணல் தெரிந்தது. அதற்கு அப்பால் தண்ணீர். இடது தோள் சற்று இறங்கி நிற்கும் ஒரு ஆள். வாடை அவனுடைய சட்டையை உடம்போடு ஒட்டிப் பிடித்திருந்தது. நான் தெரியும் என்று சொல்லலாம். அம்மா அதைக் கேட்கத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். சொன்னால் நாளைக்கும் மூடிய கோப்பை மேசைக்கு வரும்.

"இல்லை, அம்மா. தெரியேல்லை."

அம்மா தலையை ஆட்டினார்.

"எனக்கும் அவன்ர முதுகுதான் தெரியுது. இவ்வளவு நாளும் முதுகுதான். எத்தினை தரம் கூப்பிட்டுப் பார்த்திட்டன், ஒருக்காலும் திரும்பினவனில்லை."

பிறகு அழுதார். அண்ணாவுக்காக அவர் அழுது நான் அதுவரை கண்டதில்லை. நேர்ஸ் பிள்ளை எழுந்துபோய் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். தோழி பகடைகளைப் பைக்குள் போட்டாள். அழுது முடிய நேரமெடுத்தது. முடிந்ததும் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அவனைக் கொல்லாதை பிள்ளை, அவன் போகட்டும். இந்தக் கார்த்திகைக்கு அப்பாவின்ர பேரோட அவன்ர பேரையும் குடு."