ஷார்ஜாவில் நான் முறித்த ஜாக்கிகள்

ஜாக்கி பழுதாகி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் பாதி நேரம் குற்றம் ஜாக்கியுடையது அல்ல, அதைத் தொட்டவனுடையது. தொட்டவன் பல தடவை நான்தான். அதனால் இதைக் கொஞ்சம் கூச்சத்தோடு சொல்கிறேன்.

2004-ல் ஷார்ஜாவில் ஒரு காரவான் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். காரவான் என்றால் கட்டில், அடுப்பு எல்லாம் உள்ள சின்ன வீடு. ஜீப்புக்குப் பின்னால் மாட்டிப் பாலைவனத்துக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். ஜீப்பிலிருந்து கழற்றியதும் அதன் இரும்பு மூக்கு தரையில் குத்தாமல் தாங்க ஓர் ஒற்றைக்கால் ஜாக்கி இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் மூக்கு ஏறும், இறங்கும். இவ்வளவுதான் வேலை. வேலை தெரியும் என்று சொல்லிச் சேர்ந்துவிட்டு முழித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், மேலே படியுங்கள்.

எந்தப் பக்கம் சுற்றுவது?

சேர்ந்த முதல் வாரம். அபுதாபிப் பக்கம் ருவைஸில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரியிடம் வாங்கிய பழைய காரவான். "ஜாக்கி இறங்க மாட்டேங்குதுங்க" என்றார். தமிழ் ஆள் என்றதும் எனக்கு வீராப்பு வந்துவிட்டது. "அஞ்சு நிமிஷம் சார்" என்று கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். அசையவில்லை. ஒரு நீளக் குழாயைக் கைப்பிடியில் செருகி, முழுப் பலத்தையும் போட்டு அழுத்தினேன். உள்ளே இருந்த இரும்பு ஆணி 'டக்' என்று முறிந்தது.

நான் இறக்குவதாக நினைத்து ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்: "தம்பி, அது ஏற வேண்டிய உசரம் எப்பவோ ஏறிருச்சுங்க. இனி ஏத்தோணும்னா ஜாக்கி பத்தாது, ஏணிதான் வேணும்."

கிரீஸ்

குளிர்காலம் தொடங்கினால் அரபிக் குடும்பங்கள் பாலைவனத்தில் முகாம் போடக் கிளம்பிவிடும். அப்படிக் கிளம்பிய ஒரு பெரியவர், ஜாக்கி இறுக்கமாகச் சுற்றுகிறது என்று வந்தார். டீசல் விட்டுக் கழுவி, மணலைத் துடைத்தெடுத்து, அப்புறம் மெல்லியதாக கிரீஸ் தடவ வேண்டும். அன்றைக்கு வண்டிகள் வரிசையில் நின்றன. நான் கழுவவில்லை. கிரீஸை மட்டும் கைநிறைய அள்ளி உள்ளேயும் வெளியேயும் அப்பி, "ஓகே அர்பாப்" என்று முதலாளி மரியாதை கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் திரும்பி வந்தார். கிரீஸில் மணல் ஒட்டி அரைத்து, முகாமை முடித்துக் கிளம்பும்போது ஜாக்கியின் கால் மேலே ஏறவே இல்லையாம். மனைவி, மக்கள் எல்லாரும் வெயிலில் நிற்க, வேறு வழியில்லாமல் அப்படியே மணலை உழுதுகொண்டு இழுத்து வந்திருக்கிறார். கால் வில்லாக வளைந்திருந்தது. திட்டுவார் என்று நின்றேன். அங்கே எல்லாரும் பேசும் அந்த அரைகுறை ஹிந்தியில் பொறுமையாகச் சொன்னார்: "கிரீஸ் நல்லது. மணலும் நல்லது. ரெண்டையும் ஒண்ணா வச்சா, கலாஸ்!"

யெஸ் மேடம்

ஓர் ஆங்கிலேய டீச்சர். அவருடையது கரண்ட் ஜாக்கி, பட்டனை அமுக்கினால் ஏறும். அமுக்கினார், சத்தமே இல்லை. என்னிடம் ஏதோ கேட்டார். புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். "யெஸ் மேடம்" என்றேன். மோட்டாரைக் கழற்றி, பல்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் துணியில் பரப்பி, மத்தியானம் வரை தேடினேன். அவர் தகர நிழலில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் பெஷாவர்க்காரர் குல் பாய் வந்து, ஒரே நிமிஷத்தில் கருகிய ஃபியூஸைப் பிடுங்கிக் காட்டினார்.

காலையில் டீச்சர் கேட்டது அதைத்தான்: ஃபியூஸைப் பார்த்தாயா என்று. அவர் கோபப்படக்கூட இல்லை. "யூ செட் யெஸ்" என்றார்.

கல்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன்.

குல் பாய் பதினெட்டு வருஷமாக அங்கே இருந்தவர். எனக்குத் தொழில் தெரியாது என்று முதல் நாளே கண்டுபிடித்தவர், யாரிடமும் சொல்லாதவர். ஒரு வண்டியின் வளைந்த ஜாக்கியை மாற்ற வேண்டியிருந்தது. மூக்கை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு ஜாக்கியைக் கழற்ற வேண்டும். அதற்கு முன்னால் வண்டி உருளாமல் இரண்டு சக்கரத்துக்கும் கல் வைக்க வேண்டும். அது என் வேலை. "கல் வச்சாச்சா?" என்று குனிந்தபடியே கேட்டார். டீ வந்திருந்தது. குடித்துவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று, "வச்சாச்சு பாய்" என்றேன்.

வண்டி ஒரு சாண் நகர்ந்தது. ஸ்டாண்ட் சாய்ந்தது. மூக்கு அவருடைய இடது கைமேல் இறங்கியது.

திருச்சூர்க்காரரான ஃபோர்மேன் வர்கீஸ் ஓடி வந்து, "ஆருடா கல்லு வைக்காதது?" என்று கத்தினார். நான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. வரவில்லை என்பது பொய், நான் வரவிடவில்லை. ரத்தம் சொட்டும் கையைத் துணியில் சுற்றிக்கொண்டே குல் பாய், "என் தப்பு, மறந்துட்டேன்" என்றார். ஒரு விரலைக் காப்பாற்றினார்கள், இன்னொன்று முதல் கணுவோடு போனது. ஆஸ்பத்திரியில் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் சொன்னார்: "உனக்கு விசா அடிச்சு மூணு மாசம்தான் ஆகுது, அனுப்பிடுவாங்க. என்னை அனுப்ப மாட்டாங்க. அடுத்த வண்டிக்குக் கல்லை வை."

ஒப்புக்கொண்ட நாள்

குல் பாயையும் அனுப்பத்தான் பார்த்தார்கள். அவருடைய விசாவைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, கவனமில்லாத ஆள், கையும் சரியில்லை என்று முதலாளி இழுத்தடித்தார். எங்கள் இருவருக்கும் ஒரே ரூம். அவர் ஒற்றைக் கையால் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடுவதை எதிரில் உட்கார்ந்து மூன்று மாதம் பார்த்தவன் நான். இனி முடியாது என்று வர்கீஸிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "எனக்கு அன்னைக்கே அறியும். நீ எப்ப வருவேன்னுதான் பார்த்துட்டிருந்தேன்" என்றவர், என்னை அழைத்துக்கொண்டு முதலாளியிடம் போனார். குல் பாய்க்கு விசா கிடைத்தது. என்னையும் அனுப்பவில்லை, ஒரு வருஷம் வண்டி கழுவப் போட்டார்கள். அது எனக்குக் குறைவான தண்டனைதான்.

நல்ல செய்தி என்று ரூமுக்கு ஓடினேன். குல் பாய் கட்டிலில் இருந்து எழுந்து செருப்பை எடுத்து என்மேல் வீசினார்: "பைத்தியக்காரா! பதினெட்டு வருஷத்துல நான் சொன்ன ஒரே பொய், அதையும் கெடுத்துட்டியே!"

ஆறு வருஷம் கழித்து ஊர் திரும்பினேன். ஊரில் ஷார்ஜாவும் துபாய்தான். "துபாயில் என்ன வேலை பார்த்தே?" என்று யாராவது கேட்டால், "மெக்கானிக்" என்று சொல்ல வாய் வருகிறது, சத்தம்தான் கொஞ்சம் குறைந்து வருகிறது.