சாக்பீஸ் கோடு மூன்று

காலையில் பெரிய விளக்குகளைப் போடுவதற்கு முன்னால் அந்தக் கூடம் குளத்தின் அடிப்பக்கம் மாதிரி இருக்கும். முன்பு மெத்தைக் கிடங்காக இருந்த இடம், சன்னல் கிடையாது. கூரையில் பதித்த பிளாஸ்டிக் தகடுகள் வழியாக வெளிச்சம் பச்சையாகக் கசிந்து, பழைய டயர்களை அடுக்கி வளைத்து வளைத்துக் கட்டிய பந்தயப் பாதையின் மேல் மெல்ல இறங்கும். சுவரோரம் பன்னிரண்டு குட்டிக் கார்கள் சார்ஜ் ஏறியபடி முனகிக்கொண்டிருக்கும். எந்த முனகலுக்குப் பின்னால் என்ன நோவு என்று, அவற்றைப் பழுது பார்க்கும் அவள் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. அங்கே எல்லோருக்கும் ஸ்பானர் அக்கா. அறுபது வயதுக் காவல்காரருக்கும் அக்காதான்.

கூடத்துச் சுவரில் ஆளுயர எழுத்தில் ஒரு வரி உண்டு: ‘பழுது பார்த்தவரே முதலில் ஓட்டுவார்.’ அதுதான் அந்த இடத்தின் சட்டம், பெருமையும்கூட. சரிசெய்தவர் தானே மூன்று சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, இருக்கையின் முதுகில் சாக்பீஸால் மூன்று கோடு இழுக்கவேண்டும். கோடு இல்லாத வண்டியில் யாரையும் ஏற்றமாட்டார்கள்.

இரண்டு வருடமாகக் கோடு இழுப்பது அவள், ஓட்டுவது அவள் தம்பி. டிக்கெட் கொடுக்கிற வேலை அவனுக்கு. கதவு திறக்குமுன் ஓட்டி முடித்துவிட்டு நல்ல பிள்ளையாய்க் கவுண்டரில் போய் உட்கார்ந்துவிடுவான். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை மாலையில், கண் டாக்டரிடமிருந்து மாமியாரைக் கார் ஓட்டிக் கூட்டிவந்தவள் அவள். பாலம் இறங்கும்போது சாலை சக்கரத்தடியிலிருந்து நழுவியது. மாமியாருக்குக் கழுத்தடிக் காறையெலும்பு முறிந்தது. “மழைக்குக் கண்ணு தெரியுமா?” என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார் மாமியார். மருமகளிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் எந்த ஸ்டீயரிங்கையும் தொடவில்லை. பழுது பார்க்கையில்கூடப் பக்கவாட்டில் நின்றுதான் கை நீட்டுவாள்.

அன்று காலை இரட்டை இருக்கை வண்டிக்குப் புது பிரேக் மாட்டியிருந்தாள். தம்பி அதற்குள் நான்கு வண்டிகளைச் சுற்றி முடித்திருந்தான்.

“கோட்டைப் போட்டு வை அக்கா. டீ குடிச்சிட்டு வந்து இதையும் சுத்திடறேன்.”

போட்டு வைத்தாள். டீ குடிக்கப் போனவனைக் கவுண்டருக்கு முன் நின்ற கூட்டம் பிடித்துக்கொண்டது. அவன் மறந்தான். இன்னொரு வண்டியின் சங்கிலிக்குள் தலையை விட்டிருந்த அவளும் மறந்தாள். இரட்டை இருக்கையை அன்று யாரும் கேட்காததால் அது ஓரத்திலேயே நின்றது.

மதியம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் மாமியார் வந்து நின்றார், கையில் மடக்குக் குடையோடு.

“இங்க என்ன அத்தை?” என்றாள் அவள்.

“உன் பையைத் துவைக்கப் போட்டா அதுலேந்து அரைக் கிலோ சாக்பீஸ் தூள் கொட்டுது. வண்டிக் கடையா பள்ளிக்கூடமான்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

தம்பி சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை நீட்டினான். “வாங்க அத்தை, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன். ரெண்டு பேர் உக்கார்ற வண்டி இருக்கு.”

“கொண்டை நசுங்காதே?”

“கொண்டைக்கு நான் பொறுப்பு.”

அவன் வண்டியின் முதுகைப் பார்த்தான். மூன்று கோடு. காலையில் எதை ஓட்டினோம், எதை விட்டோம் என்று அவனுக்கு நினைவில்லை. கோடு இருந்தது, அது போதும். மாமியாருக்கு ஹெல்மெட்டைப் போட்டு உட்காரவைத்து, சீட் பெல்ட் பட்டையை இழுத்து மாட்டினான். பட்டை சரியாக அன்று முறிந்த அந்தக் காறையெலும்பின் மேல் படிந்தது.

அவள் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தால் இரண்டு வருடப் பொய்யும் வெளியே வந்துவிடும். திறக்காவிட்டால் யாரும் மிதித்துப் பாராத பிரேக்கோடு வண்டி கிளம்பிவிடும்.

“இறக்கு,” என்றாள். “அந்தக் கோடு பொய்.”

தம்பி நிமிர்ந்தான். “நான் சுத்தலையா இதை?”

“நீ சுத்தல. நானும் சுத்தல.”

“அதுக்கென்ன, ரெண்டு நிமிஷத்துல நானே…”

மாமியார் பட்டையைக் கழற்றி, குடையை ஊன்றி எழுந்தார். சுவரை ஒரு முறை நிதானமாகப் படித்தார்.

“சரி பண்ணினது நீயாப்பா?”

“இல்ல அத்தை.”

“அப்ப நகரு.”

மருமகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். ஹெல்மெட்டை மட்டும் கழற்றவில்லை.

அவள் ஈரமில்லாத கையைச் சட்டையில் துடைத்தாள். உட்கார்ந்தாள். மிதியை அழுத்தியதும் வெளியே நின்று கேட்ட முனகல் அவள் முதுகெலும்புக்குள் ஏறிக்கொண்டது. முதல் சுற்றில் நத்தை முந்தியிருக்கும். டயர் அடுக்குகள் ஒவ்வொன்றாக அருகில் வந்து முகம் பார்த்துவிட்டுப் போயின. பச்சை வெளிச்சம் ஒரு துண்டு மடியில் விழுந்தது, விலகியது, மறுபடி விழுந்தது.

இரண்டாம் சுற்றில் கூடம் நீண்டுகொண்டே போயிற்று. சுவர்கள் மெத்தை போல மெத்தென்று பின்வாங்கின. மூன்றாம் வளைவில் பின்சக்கரம் லேசாக வழுக்கியது. அதே நழுவல், அதே பாலம். கை தானாகத் திரும்பியது. வண்டியும் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது.

மூன்றாம் சுற்றின் முடிவில் பிரேக்கை மிதித்துப் பார்க்கவேண்டும். கால் மிதியின் மேல் வந்து நின்றது. தரையில் பாதை முடியும் வெள்ளைக் கோடு மிதந்து மிதந்து வந்தது. மிதித்தாள். தொட்டிலைக் கை நீட்டி நிறுத்தியது போல வண்டி நின்றது.

தம்பி சாக்பீஸோடு ஓடிவந்தான். “அவ்வளவுதான்கா, இறங்கு.”

அவளுக்கு இறங்கத் தோன்றவில்லை. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

அங்கே, டயர் அடுக்கைத் தாண்டி, பெரிய ஹெல்மெட்டுக்குள் சின்ன முகத்தோடு மாமியார் பாதையோரம் வந்து நின்றிருந்தார். பேருந்தை நிறுத்துகிறவரைப் போலக் குடையை நீட்டிப் பிடித்திருந்தார்.

“மெதுவா எல்லாம் போகாதே,” என்றார், ஏறும்போது.