பிரபுவுக்கு வச்ச ஆப்பிள் பை

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போய் பாத்திரம் தேய்க்கிற ஆளு நான். இன்னிக்கும் அப்படித்தான். ஆனா லூர்துசெல்வியைப் பத்திச் சொல்லணும்னா அந்தக் கல்லறைத் திருநாளைச் சொல்லாம முடியாது. அதனால சொல்றேன். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

செல்வி எங்க பக்கத்து வூடு, பொம்மையார்பாளையத்துல. பொறந்தது வல்லம் பக்கம். அப்பா அம்மா ரெண்டு பேரும் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, புடுங்க கூலிக்குப் போறவங்க. அந்தோணி பிரபுவைக் கட்டிக்கினு இங்க வந்தப்ப அவ கடலைப் பார்த்ததும் கிடையாது, ஒரு முழு ஆப்பிளைத் தின்னதும் கிடையாது. குயிலாப்பாளையத்துல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல பாத்திரம் கழுவ நானும் அவளும் ஒண்ணாத்தான் சேர்ந்தோம். நான் இன்னி வரைக்கும் பாத்திரம்தான் கழுவிக்கினு இருக்கிறேன். அவ, அங்க இருந்த வெள்ளைக்கார அம்மா போடுற ஆப்பிள் பைங்கிற பலகாரத்தை ஓரக்கண்ணால பார்த்தே கத்துக்கினா. அப்புறம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஓவன் வாங்கி வூட்லயே போட்டு விக்க ஆரம்பிச்சா.

அவ கை எப்பவும் ஜில்லுனு இருக்கும். அதுதான் விஷயமே. ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்த வெண்ணெயை மைதாவுல போட்டு விரல் நுனியால உதிர்க்கணும். கை சூடா இருந்தா வெண்ணெய் உருகி, மேல் ஓடு கல்லாட்டம் ஆயிடும். என் கை பட்டா அப்படித்தான் ஆவும். அவளுக்கு மொறுமொறுன்னு உதிரும். உள்ள ஆப்பிள் துண்டு, பேரீச்சம்பழம், பட்டைத்தூள், ஆரஞ்சு சாறுல ஊற வச்ச உலர்ந்த திராட்சை.

அந்தத் திராட்சை பிரபுவுக்கு ஆகாது. ஒவ்வொண்ணா நோண்டி எடுத்து, தட்டு ஓரத்துல எறும்பு போறாப்பல வரிசையா வைப்பான். ஏதோ கலெக்டர் ஆபீஸ் வேலை பார்க்கிறவன் மாதிரி அவ்ளோ அக்கறையா செய்வான். செல்விக்குத் திராட்சைன்னா உசுரு. அந்த வரிசையை அவதான் தின்பா.

"அவனுக்குத்தான் புடிக்கலையே, போடாம விடேன்டி"ன்னு ஒரு தரம் கேட்டேன்.

"அப்ப எனக்கு யாரு எடுத்து வைப்பாங்க வேணிக்கா?"ன்னு சிரிச்சா.

ஒரு நாள் எங்க ஊரு குமரேசனோட ஃபைபர் படகுல பிரபு மீன் புடிக்கக் கூலிக்குப் போனான். படகு கவுந்துச்சு. குமரேசன் நீந்திக் கரை சேர்ந்துட்டான். பிரபு வரலை. உடம்பும் கிடைக்கலை. அங்க ஆரம்பிச்சுது எல்லாப் பேஜாரும்.

பிரபுவோட அம்மா சவுரியம்மாள் அழுது தீர்த்துட்டு, அவன் லுங்கியையும் செருப்பையும் ஒரு பெட்டியில வச்சுப் புதைச்சு, சிலுவையும் நட்டுட்டாங்க. செல்வி அந்தப் பக்கமே போகலை. ஒரு சொட்டு கண்ணீர் விடலை. "ஆளே இல்லாத குழிக்கு எதுக்கு அழணும்?"னு கேட்டா. எப்ப பை போட்டாலும் அவனுக்குன்னு ஒரு துண்டு எடுத்து மூடி வைப்பா, மறுநாள் அது கோழிக்குப் போகும். வூட்டுக் கதவுக்குத் தாழ் மட்டும் போடவே மாட்டா. தனியா இருக்கிற பொம்பளை, ராத்திரியிலயும் கதவைச் சும்மா சாத்தி வச்சுக்கினு படுப்பா. "அவரு வந்து தட்டி, நான் தூங்கிட்டேன்னா?"ன்னு சொல்வா. அதைக் கேக்கும்போதெல்லாம் கண்டபடி திட்டிடுவேன். திண்டிவனத்துல ஒரு பேக்கரிக்காரர் தங்கி வேலை செய்யக் கூப்பிட்டாரு. நல்ல இடம். போகமாட்டேன்னுட்டா. வூட்டைப் பூட்டினா அவன் வந்து பார்த்துட்டுத் திரும்பிடுவானாம். இப்படியே ரெண்டு வருஷம் அவ வாழ்க்கை வாசப்படியிலயே நின்னுபோச்சு.

அவங்க சனங்க கல்லறைத் திருநாள் அன்னிக்கு, செத்தவங்களுக்கு என்ன புடிக்குமோ அதைக் கல்லறை மேல வைப்பாங்க. பிரியாணி இருக்கும், பீடிக்கட்டு இருக்கும், சில கல்லறையில குவார்ட்டர் பாட்டிலே நிக்கும். போன நவம்பர்ல திருநாளுக்கு மொத நாள் சவுரியம்மாள் செல்வி வூட்டுக்கு வந்தாங்க. நானும் அங்கதான் ஆப்பிள் தோல் சீவிக்கினு இருந்தேன்.

"என் கையால கறிக்கொழம்பு வச்சுப் பார்த்துட்டேன் செல்வி. காக்கா கூட சீண்டலை. அவனுக்குப் புடிச்சது நீ போடுறதுதாம்மா. ஒரே ஒரு தரம் போட்டுத் தா."

"உசுரோட இருக்கிறவருக்குக் கல்லறையில படைக்கச் சொல்றீங்களே அத்தை."

அந்தப் பொம்பளை குனிஞ்சு மருமக காலைத் தொடப் போயிடுச்சு. செல்வி பதறிப்போய்ப் புடிச்சுத் தூக்கினா.

"சரி, போடுறேன். நானே கொண்டாந்து வைக்கிறேன்"னா. "அவரு செத்திருந்தா அவரே வந்து சொல்லட்டும். வச்சது வச்சபடி இருந்துச்சுன்னா, இனிமே யாரும் என்கிட்ட சிலுவைப் பேச்சு பேசக் கூடாது."

மறுநாள் காலையில போட்டா. ஊறின திராட்சையில ஒண்ணை நான் எடுத்து வாயில போட்டேன். தேனாட்டம் இருந்துச்சு. இதை ஞாபகம் வச்சுக்குங்க. எப்பவும் ஒரு கரண்டி ருசி பார்க்கிற செல்வி அன்னிக்குத் தொடவே இல்லை. மேல் மாவைப் போத்தி, ஓரத்தை அழுத்தி, ஆவி போறதுக்குக் கத்தியால நாலு கீறு கீறினா. ஓவன்ல வச்சப்புறம் அதுக்கு எதிர்ல சம்மணம் போட்டு உக்காந்து, கண்ணை எடுக்காம பார்த்துக்கினே இருந்தா. நான் பேச்சு குடுத்துப் பார்த்தேன். காதுல விழுந்தாப்பலயே தெரியலை.

சாயங்காலம் மூணு பேரும் போனோம். மழை வர்ற மாதிரி இருட்டிக்கினு இருந்துச்சு. கல்லறை பூரா சாமந்திப் பூவும் மெழுகுவத்தியும். செல்வி பைத் தட்டை அந்தச் சிலுவைக்கு முன்னாடி வச்சா, ஆனா மெழுகுவத்தி ஏத்தலை. நடு சிலுவைகிட்ட ஃபாதர் செபம் ஆரம்பிச்சாரு, எல்லாரும் அங்க போய் நின்னோம். பாதியில காத்து சுத்தமா நின்னுபோச்சு. அத்தனை மெழுகுவத்தியிலயும் தீ ஆடாம நேரா நிக்குது. அங்கேர்ந்து எப்பவும் கேக்கிற கடல் சத்தம் கேக்கலை. எனக்கு முதுகுல குளிர் ஏறுச்சு. மழைக்காலம்தானேன்னு சேலையை இழுத்துப் போத்திக்கினேன்.

திரும்பி வந்து பார்த்தா பையில ஒரு துண்டு இல்லை. கத்தி போட்டு வெட்டினாப்பல சுத்தமா இருந்துச்சு. தட்டு ஓரத்துல திராட்சை, வரிசையா.

காக்காயா இருந்தா மொதல்ல திராட்சையைத்தான் தூக்கும். நாய் தட்டையே கவுத்திருக்கும். சுத்தி ஈரமண்ணு, அதுல எங்க செருப்புத் தடத்தைத் தவிர வேற தடமே இல்லை. நானும் குனிஞ்சு குனிஞ்சு தேடிட்டேன்.

"வந்துட்டான், என் புள்ளை வந்துட்டான்"னு சவுரியம்மாள் அங்கேயே உக்காந்துட்டாங்க.

செல்வி சிரிச்சா. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல இருக்குது. "பார்த்தியாக்கா? செத்தவன் எங்கனா திராட்சை பொறுக்கி வைப்பானா? உசுரோட வந்திருக்காரு, இங்கதான் எங்கயோ நிக்கிறாரு"ன்னு கூட்டத்துக்குள்ள ஓடினா. ஒவ்வொரு ஆம்பளை மூஞ்சியா பார்த்தா. யாரோ ஒருத்தரைத் தோளைப் புடிச்சுத் திருப்பியே பார்த்துட்டா, அந்த ஆளு மிரண்டுபோய் ஒதுங்கினாரு. எல்லா வரிசையும் சுத்திட்டு, மூச்சு வாங்கிக்கினு திரும்பி வந்தா. தட்டு முன்னாடி உக்காந்தா. எப்பவும் செய்யிற மாதிரி, ஓரத்துலேர்ந்து மொத திராட்சையை எடுத்து வாயில போட்டா.

மெல்லுறதை அப்படியே நிறுத்திட்டா. இன்னொண்ணு எடுத்துப் போட்டா. மூஞ்சியில ரத்தமே இல்லை.

"அக்கா, இதைத் தின்னு பாரு."

தின்னேன். உப்பு. சமையல் உப்பு இல்லை. கடல்ல குளிக்கும்போது அலை அடிச்சு வாய்க்குள்ள போகுமே, அந்தத் தண்ணி. நான் பையைப் பிட்டு வாயில போட்டுப் பார்த்தேன். அது தித்திப்பாத்தான் இருந்துச்சு, அதுக்குள்ள இருந்த திராட்சையும் தித்திப்பு. ஓரத்துல இருந்தது மட்டும்தான் உப்பு.

செல்வி அந்த வரிசையைக் கடைசி வரைக்கும் தின்னு முடிச்சா. ஒண்ணைக் கூட மிச்சம் வைக்கலை. அப்புறம் மாமியார் கையிலேர்ந்து தீப்பெட்டியை வாங்கி மெழுகுவத்தியை ஏத்தினா.

வூட்டுக்கு வந்து நான் பின்னாடி பாத்திரம் தேய்ச்சுக்கினு இருந்தேன். பக்கத்து வூட்ல தாழ்ப்பாளை இழுக்கிற சத்தம் கேட்டுச்சு. துருப்பிடிச்ச தாழ்ப்பாள், சட்டுனு ஏறலை. கிரீச் கிரீச்சுனு இழுத்து இழுத்துக் கடைசியில போட்டுட்டா. அதுக்கப்புறம்தான் அவ அழற சத்தம் கேட்டுச்சு.