உதடு படாமல் ஊதியவர்

அன்று அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தது ஐந்து பேர்: நான், என் வீட்டுக்காரர், சீன டாக்டர், அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல, அவருக்கு உதவியாக இருந்த ஒரு டிரெஸர், தஞ்சோங் பகார் துறைமுகத்தில் என் வீட்டுக்காரருக்கு வேலை கொடுக்கும் மண்டோர். கப்பலுக்குள் சிமெண்டு மூட்டை தூக்கித் தூக்கி இவருக்கு இருமல் விடவில்லை. மூச்சுப் பரிசோதனையில் தேறினால்தான் இனி வேலை என்று சொல்லிவிட்டார்கள். சிராங்கூன் ரோட்டில் நாங்கள் குடியிருந்த அறைக்கு, மண்டோரிடம் முன்பணம் வாங்கித்தான் வாடகை கட்டியிருந்தோம்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நெஞ்சைக் கீறிப் பார்ப்பார்களோ என்று முந்தின நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே போனால் கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் கவிழ்த்த தகர டப்பா, ஒரு ரப்பர் குழாய். குழாயில் ஊதினால் டப்பா எழும்பும். பக்கத்தில் சுழலும் தாளில் ஒரு முள் கோடு போடும். கோடு உயர்ந்தால் மூச்சு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம்.

இவர் மூக்கில் கிளிப்பை மாட்டினார்கள். எனக்கு மூச்சடைத்தது.

"நல்லா இழுத்து, ஒரே மூச்சா ஊதுங்கண்ணே," என்றார் டிரெஸர்.

ஊதினார். முள் லேசாக அசைந்து படுத்துவிட்டது. மறுபடி ஊதியும் அப்படியே.

"என்னய்யா, பொண்டாட்டி காதுல ரகசியமா பேசுற? ஊதுலா!" என்று மண்டோர் சிரித்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இவர் தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்பார். பிறர் தரும் சுருட்டைக்கூடக் குவித்த கைக்குள் வைத்து, உதடு படாமல்தான் இழுப்பார். இங்கேயும் அதே மாதிரி கையைக் குவித்து, குழாயில் உதடு படாமல் ஊதிக்கொண்டிருந்தார். காற்றெல்லாம் விரலிடுக்கில் போனது.

"ஏங்க, வாயை வைங்க."

"எத்தனை பேர் எச்சியோ! சும்மா இரு."

"கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்ததுண்ணே! இதுக்குப் போயா?" என்று டிரெஸர் தலையில் கைவைத்தார். இன்னும் ஒரு தடவை என்று டாக்டர் விரல் காட்டினார்.

இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயை வைத்தார். முள் ஏறியது. சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நானும் உட்கார்ந்த இடத்திலேயே ஊதினேன். பாதியில் இருமல் வந்துவிட்டது. அதன்பின் அது நிற்கவேயில்லை. டாக்டர் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, தேறவில்லை என்று தலையை ஆட்டினார்.

களைத்துப்போகும் முன்னாலேயே வாயை வைத்திருந்தால் தேறியிருப்பாரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வாசலில் மண்டோர் சிரிக்கவில்லை. "இனி மூட்டை தூக்க விடமாட்டாங்க. நான் என்ன செய்யட்டும் தங்கச்சி? முன்பணத்தை மட்டும் எப்படியாச்சும் பார்த்துக் கொடுத்துடுங்க," என்றார்.

வாங்கியது எழுபது வெள்ளி. சம்பளத்தில் கழிந்தது போக, பாக்கி ஐம்பத்தைந்து வெள்ளி.