கொழும்புக்கு உயிரோடு போன டி செல்கள்

1. செத்துப்போன சாம்பிள்

எங்கள் மலைநாட்டு ஆஸ்பத்திரி லேப்பில் நான் சேர்ந்து ஐந்தாவது மாதம். காலை பத்து மணிக்குக் கொழும்பு ஆய்வுகூடத்திலிருந்து ஃபோன். நீங்கள் அனுப்பிய இரத்தத்தில் செல்கள் எல்லாம் செத்துவிட்டன, வேறு சாம்பிள் அனுப்புங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். அந்த டியூபைப் பொறுப்பெடுத்தது நான்தான்.

இரத்தம் தர்ஷினியுடையது. ஏழு வயது, அக்கரப்பத்தனைப் பக்கத் தேயிலைத் தோட்டம். பிறந்ததிலிருந்து மாறி மாறி நிமோனியா. இப்போது அவளது உடம்பே இரத்தத்தை உறையவைக்கும் அவளது பிளேட்லெட்டுகளை அழித்துக்கொண்டிருந்தது. ஸ்டீரொய்டைக் குறைத்தால் அவற்றின் எண்ணிக்கை மறுபடி இறங்கியது. அவை அழியும் இடமான மண்ணீரலை எடுத்துவிடலாம் என்று சேர்ஜன் அடுத்த வாரத்துக்கு நாள் குறித்திருந்தார். சிறுவர் வார்டு டொக்டருக்கு அதில் சம்மதமில்லை.

"கிருமிய வடிகட்டுறதே மண்ணீரல்தான். இது பரம்பரையா வந்த எதிர்ப்புச்சக்திக் குறைபாடா இருந்தா, அதையும் எடுத்துட்டு இந்தப் புள்ள எதை வச்சு சமாளிக்கும்? டி செல் ரிப்போர்ட் வரட்டும்" என்றார்.

அந்த டெஸ்டுக்கு, அதாவது வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்களைப் பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு, செல்கள் உயிரோடு போக வேண்டும். பிற்பகலில் எடுத்த இரத்தத்தை லேப்பில் எனக்கு மூத்தவரான மாலா அக்கா வழக்கம்போல ஃப்ரிட்ஜில் வைக்கப் போனார். நான் பாய்ந்து தடுத்தேன். "அக்கா, ஃபார்மைப் பாருங்க! ரூம் டெம்பரேச்சர்!"

"நம்ம ரூமுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் என்னாடி பெரிய வித்தியாசம்?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. டியூபைப் பெருமையாகப் பெஞ்சில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அது தை மாதம். மறுநாள் வேன் புறப்படும்போது முற்றத்துப் புல்லில் பனி வெள்ளையாக உறைந்திருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

2. புல்லும் கன்றும்

மறுபடி ஊசி குத்த வார்டுக்குப் போனேன். முதல் முறை குத்திய இடம் தர்ஷினியின் கையில் கத்தரிப்பூ நிறத்தில் கன்றியிருந்தது. அவளுடைய அம்மா புஷ்பா, கொழுந்து பறிப்பவர், என் முகத்தையே பார்த்தார்.

"போன தடவ எடுத்த ரத்தம் எங்கங்க மிஸ்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். "குளிர்ல கெட்டுப்போச்சுங்க. கவனிக்காம விட்டது நான்தான்."

"படிச்சவங்களுக்குமா குளிரு தெரியல?" என்றார். பிறகு மகளின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்தபடி, "எதிர்ப்புச்சக்தி பத்தாதுங்கறீங்க. பத்தாத ஒடம்பு எப்படிங்க தன் ரத்தத்தையே அழிக்குது?" என்று கேட்டார்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. டி செல்களில் தாக்குபவை உண்டு, தாக்காதே என்று அடக்குபவையும் உண்டு, அடக்குபவை குறைந்தால் சமநிலை போய்விடும் என்றேன். "அடக்கக் கங்காணி இல்லாத தேயிலை மலை மாதிரிங்க."

"கங்காணி இல்லாட்டித்தான் நாங்க நல்லா பறிப்போம்!"

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். புஷ்பா கொஞ்சம் யோசித்தார். "தேயிலக் கன்னு வச்ச மலையில புல்லு வெட்ட புது ஆளுங்கள விட்டா, புல்லையும் சரியா வெட்டமாட்டாங்க, கன்னையும் வெட்டிப்புடுவாங்க. பக்கத்துல நின்னு 'அது கன்னு, விடு'ன்னு சொல்ல ஆளு வேணும். அந்த ஆளு என் புள்ளைக்கு இல்லையா?"

"அதைத்தாங்க பார்க்கப்போறோம்." என் பாடப்புத்தகம் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

3. சலீம் நானாவின் ஜாக்கெட்

இந்த முறை வேன் புறப்படும் நேரத்துக்குத்தான் இரத்தம் எடுத்தேன். டியூபைப் பெட்டியில் வைத்து, தெர்மோமீட்டரும் போட்டு, பெட்டியைக் கம்பளியால் இறுக்கிச் சுற்றினேன். வேன் டிரைவர் சலீம் நானா பார்த்துக்கொண்டே நின்றார்.

"மிஸ், நான் மலையிறங்கி கினிகத்தேனை தாண்டினா ஜாக்கெட்ட கழட்டிருவேன். அவிசாவளை வெக்கையில சட்டையையும் கழட்டத் தோணும். ஒங்க டியூபுக்கு யாரு கழட்டிவிடுவா?"

குளிரில் கெடுத்தவள் இந்தத் தடவை வெயிலில் கெடுக்கப் பார்த்திருக்கிறேன். இருபதுக்கும் இருபத்தைந்து டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எளிதில் தெரியும்படி பெரிதாக எழுதி அவரிடம் கொடுத்தேன். கினிகத்தேனையில் தேநீருக்கு நிறுத்தியபோது ஃபோன் வந்தது. "இருபத்து மூணு காட்டுது. எனக்கு ஜாக்கெட்டும் அதுக்குக் கம்பளியும் கழட்டியாச்சு." அவிசாவளையில் இன்னொன்று. "ஏசியை பொட்டிப் பக்கம் திருப்பிட்டேன் மிஸ். நான்தான் வேர்த்துக்கிட்டு இருக்கேன்."

செல்கள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. ரிப்போர்ட்டில் மொத்த டி செல்கள் ஏறக்குறைய சரி. அடக்கும் ரெகுலேட்டரி செல்கள் மிகக் குறைவு. தாக்கத் தயாராக நிற்பவை மிக அதிகம். டொக்டர் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேரே சேர்ஜனிடம் போனார். ஒப்பரேஷன் பட்டியலில் தர்ஷினியின் பெயர் வெட்டப்பட்டது. மரபணுப் பரிசோதனைக்கும், அந்தச் செல்களின் வேலையைச் செய்யும் மருந்துக்கும் கொழும்புக்கு எழுதினார்கள்.

"அப்ப கத்தி இல்லையாங்க?" என்றார் புஷ்பா.

"இப்போதைக்கு இல்லைங்க. மருந்துக்கு எழுதியிருக்கு."

"அந்த ஆளு மருந்தா வருவாரு, இல்லையா?" என்று கேட்டுவிட்டு, மகளுக்குச் சட்டை மாட்டத் தொடங்கினார்.

புதிதாக லேப்புக்கு வரும் தம்பி தங்கைகளே, எங்கள் பெஞ்சுக்கு மேல் இப்போது ஒரு தெர்மோமீட்டர் தொங்குகிறது. ஃபார்மில் 'ரூம் டெம்பரேச்சர்' என்றிருந்தால், எந்த ஊர் ரூம் என்று முதலில் கேளுங்கள். அதை எழுதியவர் தை மாதத்தில் நம் மலையில் ஒரு காலை கூட விழித்திருக்கமாட்டார்.