பக்கத்து அறைக்கு அனுப்பிய படங்கள்

எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. கலியாண வீடுகளில் யாராவது போனைக் கையில் தந்து, "அக்கா, ஒரு படம் எடுத்துவிடுங்கோ" என்றால் தலைகளை வெட்டிவிட்டுக் கால்களை வடிவாக எடுத்துக் கொடுப்பேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னிடம் கேட்கமாட்டார்கள். அப்படிப்பட்ட நான் போன குளிர்காலத்தில் நாளுக்கொரு படம் எடுத்தேன் என்றால் அதற்குக் கலை ஆர்வம் காரணமில்லை.

இந்த நாட்டில் குளிர் ஜூனில்தான் தொடங்கும். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஜூன் பிறந்தாலே எல்லோருக்கும் முகம் தொங்கிவிடும். மழை, இருட்டு, இருமல். எங்களுக்கு உற்சாகம் வரட்டும் என்று மனேஜர் ஒரு விளையாட்டைத் தொடங்கினாள். காலையில் வாட்ஸப் குழுவில் ஒரு சொல் வரும். சிவப்பு, வட்டம், பழையது என்று ஏதாவது. அன்றைக்குள் அந்தச் சொல்லுக்கு ஏற்றதாகப் போனில் ஒரு படம் எடுத்துப் போடவேண்டும். குளிர் முடியும்வரை ஒரு நாளும் விடக்கூடாதாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஹீட்டரைக் கூட்டச் சொன்னால் படம் எடுக்கச் சொல்கிறாளே என்று சமையலறையில் நின்று புறுபுறுத்தேன்.

வீட்டில் எனக்கு வேறு கவலை இருந்தது. என் மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். ஒரு நாள் போகவில்லை, பிறகு ஒரு கிழமை போகவில்லை, பிறகு போவதே இல்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. டொக்டர் அந்த வருத்தத்துக்கு ஒரு பெயர் சொன்னார், குளிசை எழுதித் தந்தார். பிறகு என்னையும் என் கணவரையும் தனியாகக் கூப்பிட்டு, "கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். சாப்பாடு கொடுங்கள். கவனித்துக்கொண்டே இருங்கள்" என்றார். எதற்காகக் கவனிக்கவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்காமலே விளங்கியது. அவள் குளியலறையில் கொஞ்சம் கூடுதலாக நின்றாலும் கதவடியில் போய்க் காது வைத்து நிற்பேன். படிப்பு வேண்டாம், பட்டம் வேண்டாம், என் பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்று கோப்பை கழுவும்போதெல்லாம் கும்பிட்டேன். இவருக்கும் அதே பயம்தான். நாங்கள் அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் கதைத்ததே இல்லை. கதைத்தால் நடந்துவிடும் என்பதுபோல இருவரும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம்.

மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வீடு பழைய பலகை வீடு. குளிர்காலத்தில் உள்ளே இருப்பதைவிட வெளியே நிற்பது சூடு என்று இவர் பகிடி விடுவார். இவர் பஸ் ஓட்டுகிறவர். விடியுமுன்பே போய், நான் வெளிக்கிடுமுன்பு வந்துவிடுவார். எனக்குப் பின்னேர வேலை. பகல் முழுக்க அந்த வீட்டில் நானும் ஒரு சாத்திய கதவும்தான்.

ஒரு நாள் குழுவில் வந்த சொல் மஞ்சள். பின்வளவில் எலுமிச்சை காய்த்துத் தொங்கியது. நனைந்துகொண்டு போய் ஒரு படம் எடுத்தேன். எப்படியிருக்கிறது என்று கேட்கக்கூட வீட்டில் ஆள் இல்லையே என்று ஆத்திரமாக இருந்தது. அந்த ஆத்திரத்தில் அதைப் பக்கத்து அறைக்கு அனுப்பினேன். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து, "இது வடிவா இருக்கோ பிள்ளை?" என்று கேட்டேன். நேரே போய்த் தட்டியிருந்தால் பதில் வராது. கொஞ்ச நேரத்தில் போன் கிணுங்கியது.

"யுவர் தம்ப்."

பார்த்தால் படத்தின் அரைவாசியில் என் பெருவிரல். பல நாளைக்குப் பிறகு என் மகள் என்னோடு பேசிய பேச்சு அது. அடுப்படியில் நின்று சிரித்தேன், சிரித்தபடியே அழுதேன். திரும்பப் போய் விரலை விலக்கி எடுத்து அனுப்பினேன். "வைப் த லென்ஸ்" என்று வந்தது. உண்மைதான். கறி தாளிக்கிற கையால் போனைத் தூக்கித் தூக்கி அந்தக் கண்ணாடி முழுக்க எண்ணெய்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் வந்த சொல்லை அவளுக்கும் அனுப்பினேன். கெஞ்சவில்லை, கேட்கவில்லை, அனுப்பினேன், அவ்வளவுதான். என் படங்களை அவள் ஒரு சொல்லில் வெட்டுவாள். "டார்க்." "டூ மச்." "ஓகே." அந்த ஓகேக்காக நான் குடையும் கையுமாக றோட்டு முழுக்க அலைந்தேன். மூலைக் கடைக்காரர் வாசலில் வைத்திருக்கும் பால் பெட்டிகளை எடுத்தேன், குளிரிலும் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் கால்களை எடுத்தேன், பஸ் தரிப்பில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறையை எடுத்தேன்.

பிறகு அவளும் எடுக்கத் தொடங்கினாள். எல்லாம் அந்த அறைக்குள்ளே எடுத்ததுதான். யன்னல் கண்ணாடியில் வழியும் தண்ணீர். ஹீட்டரில் காயும் காலுறை. முகட்டு மூலையில் பூத்த பூஞ்சணம். நான் வினாகிரி போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் திட்டும் அந்தக் கறுப்புப் பூஞ்சணம் அவள் படத்தில் அவ்வளவு வடிவாக இருந்தது. வெளியே ஓர் அடி வைக்கமாட்டாள். ஆனால் ஒரு படம் வந்தால் அன்றைக்கு அவள் எழும்பி இருக்கிறாள், யன்னலடிக்குப் போயிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வேலைக்கு நிம்மதியாகப் போவேன்.

கண்ணாடி என்று சொல் வந்த அன்று அவள் அனுப்பிய படத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். நீராவி படிந்த யன்னலில் விரலால் ஓர் இழுப்பு. அந்த இழுப்புக்கு அப்பால் மழையும் மலையும். இந்தப் பக்கத்தில் அவள் முகத்தின் பாதி, கண்ணாடியில் மங்கலாக. நான் எத்தனையோ நாள் பார்க்காத முகம். இவர் வேலை முடிந்து வந்ததும் தேத்தண்ணியோடு படத்தைக் காட்டினேன். இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இஞ்சேரும், எனக்கும் ஒருக்கா அனுப்பிவிடும்" என்றார்.

அனுப்பினேன். மனுஷன் தனியாக வைத்துப் பார்க்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அதை எங்கள் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். "மகள் எடுத்த படம்" என்று தமிழில் எழுதியும் போட்டார்.

அந்தக் குழுவைப் பற்றிச் சொல்லவேண்டும். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், கொழும்பு என்று சிதறிக் கிடக்கிற அவ்வளவு சொந்தமும் அதற்குள் இருக்கிறது. அரங்கேற்றம், பட்டமளிப்பு, புதுக் கார், புது வீடு. பிள்ளைகள் தும்மினாலும் அதில் படம் வரும். நாங்கள்தான் மாதக்கணக்காக ஒன்றும் போடாமல் இருந்தோம். பிள்ளை எப்படி என்று கேட்டால், "ஓம், படிக்கிறா" என்று இவர் ஒரு வரியில் முடித்துவிடுவார். எங்கள் ஆட்கள் ஒரு படத்தைப் படத்துக்காகப் பார்ப்பதில்லை. விரலால் விரித்து விரித்துப் பின்னால் இருப்பதைப் பார்ப்பார்கள். அலுமாரி பழசா, சுவரில் என்ன நிறம், கழுத்தில் கிடப்பது பழைய சங்கிலியா என்று. நானும் அப்படிப் பார்க்கிறவள்தான்.

முதலில் இதயங்கள் வந்தன. பிறகு ரொறன்ரோவிலிருந்து மச்சாள், இவருடைய தங்கை, எழுதினாள். "கண்ணாடிக்குள்ள மேசை தெரியுது. மேசையில என்ன குளிசை மட்டை? பிள்ளைக்கு என்ன வருத்தம்? பகலில ஏன் படுக்கை விரிச்சபடி கிடக்கு?"

நான் விரித்துப் பார்த்தேன். இருந்தது. எனக்குத் தெரியாத மூலையில், அவள் முகத்துக்குப் பக்கத்தில், அந்த மட்டை. லண்டனிலிருந்து ஒருவர் தைரொயிட்டோ என்று கேட்டார். பாரிஸ்காரி மஞ்சள் பாலுக்குப் பக்குவம் சொன்னாள். இன்னொருத்தி, "கலியாணம் பேசுற வயசில இதுகளை இப்பிடி வெளியில விடாதேங்கோ" என்று புத்தி சொன்னாள். இவர் படத்தை அழித்தார். அழித்து என்ன? அதற்குக் கீழே ஒரு வரி வந்து நின்றது. என் மகள் குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள். அவள் அதற்குள் இருக்கிறாள் என்பதே எங்கள் இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

"உங்களுக்கு வாய்தான் இல்லையெண்டு நினைச்சன், கையாவது சும்மா இருக்கக்கூடாதோ!" என்று கத்தினேன்.

"வடிவா இருந்தது. அதுதான்" என்றார்.

அதற்குமேல் அவரை என்னால் திட்ட முடியவில்லை. அவர் கதவடியில் போய் நின்று, "பிள்ளை, அப்பா யோசிக்காமல் போட்டிட்டன்" என்றார். கதவு திறக்கவில்லை. சீருடையைக்கூட மாற்றாமல் போய்க் காருக்குள் இருந்தார். யன்னலால் பார்த்தேன். மழைக்குள் காரும் அவரும் அப்படியே இருந்தார்கள்.

படங்கள் நின்றுவிட்டன. நான் ஒவ்வொரு காலையும் சொல்லை அனுப்பினேன், என் படத்தையும் அனுப்பினேன். எண்ணெய் துடைத்து, விரல் விலக்கி, ஒழுங்காக எடுத்து அனுப்பினேன். அந்த இரண்டு சரிக் குறிகள் சாம்பல் நிறத்திலேயே கிடந்தன, அவள் திறந்து பார்க்கவே இல்லை. வாசலில் வைத்த சாப்பாடு பாதி திரும்பி வந்தது, பிறகு முழுசாகத் திரும்பி வந்தது. வேளைக்குக் குளிசையும் தண்ணீரும் கொண்டுபோனால் கையை மட்டும் நீட்டி வாங்கினாள். மிச்ச மட்டைகளை அவளுக்குத் தெரியாமல் என் அலுமாரிக்கு மாற்றினேன். கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். தாதி அன்பாகத்தான் கதைத்தாள், டொக்டரை முந்திப் பார்க்க வழி செய்கிறேன் என்றாள், அதுவரைக்கும் பக்கத்திலேயே இருங்கள் என்றாள். பக்கத்தில்தானே இருக்கிறேன். ஒரு பலகைச் சுவர்தான் நடுவில். யார் யாருக்கோ உடுப்பு மாற்றி, சோறு தீத்தி, சீப்பால் தலை இழுத்துவிட்டு வருகிற எனக்கு என் பிள்ளைக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. அவ்வளவு கையாலாகாதவளாக நான் என்றுமே இருந்ததில்லை.

ஒரு காலை எழும்பியபோது வளவு வெள்ளையாகக் கிடந்தது. புல்லெல்லாம் உறைபனி. இவர் போய்விட்டார். நடைக்கு வந்தால் அவள் கதவு திறந்திருந்தது. படுக்கை வெறுமையாக இருந்தது. குளியலறையில் இல்லை. என் அலுமாரியைத் திறந்தேன், மட்டைகள் இருந்தன. முன்கதவு பூட்டாமல் கிடந்தது.

இரவு உடுப்போடு, இவருடைய மழைக் கோட்டை மேலே போட்டுக்கொண்டு ஓடினேன். வாசலடிப் புல்லில் நின்றுவிட்டேன். இந்தப் பக்கம் போனால் பெரிய றோட்டு, பஸ்கள், லொறிகள். அந்தப் பக்கம் மலை. எந்தப் பக்கம் ஓடுவது? எதிர்வீட்டுக்காரர் கார்க் கண்ணாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், "மோர்னிங்" என்றார். நானும் "மோர்னிங்" என்றேன். பேர் சொல்லிக் கத்த வாய் வரவில்லை. அவளுக்குப் போன் எடுத்தேன், அடித்தது, எடுக்கவில்லை. இவர் பஸ்ஸில் சனத்தை ஏற்றிக்கொண்டு ஓடுகிறார், அவருக்கு எடுத்து என்ன சொல்ல? பெரிய றோட்டுப் பக்கமே பார்த்தபடி நின்றேன். வருகிற ஒவ்வொரு வாகனத்தையும் பார்த்தேன். கடவுளே, கடவுளே என்றதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

கையில் போன் கிணுங்கியது.

படம். சொல் ஒன்றும் இல்லை. வெள்ளைப் புல்லில் ஒரு கிழவி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். ஆம்பிளைக் கோட்டு, அதற்குக் கீழே பூப்போட்ட இரவு உடுப்பு, வெறுங்கால். கழுத்தை நீட்டித் தப்பான பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இவ்வளவு பாவமாக யார் இது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்படியென்றால் அவள் எனக்குப் பின்னால், மலைப் பக்கம், கூப்பிடு தூரத்தில் நிற்கிறாள். வெளியில் நிற்கிறாள். திரும்பினால் அவள் முழு முகத்தையும் பார்க்கலாம். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கலாம். கட்டிப்பிடித்தால் திரும்பவும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாளோ என்று பயமாக இருந்தது. கால் விறைத்துக்கொண்டு வந்தது. இன்னொரு படம் எடுக்கட்டும் என்று நான் அசையாமல் நின்றேன்.