ஒரு சிராப், ஈக்காட் மாத்தி

லுக்குட் சாப்பாட்டுக் கடையிலிருந்து மோட்டார் சைக்கிள் நிறுத்திய இடத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தேன். ஓடவில்லை. ஓடினால் திருடன் என்பார்கள்… நான் வெறும் பொய்யன்தான்.

"அண்ணே! நில்லுங்கண்ணே!"

பின்னால் ஸ்டெல்லா. அந்த ஞாயிறு மதியம் நான் அந்தக் கடைக்குப் பெண் பார்க்க வந்தது இவரைத்தான். பெண் பார்க்க வந்தவனை 'அண்ணே' என்று கூப்பிட்டால் கதை முடிந்தது என்றுதானே அர்த்தம்?

மனைவி இறந்து நான்கு வருடம். மகள் ரோஷினிக்கு ஒன்பது வயது. செனாவாங் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை செய்யும் ஸ்டெல்லாவைப் பற்றிச் சொன்னது பக்கத்து வீட்டு மேரி அக்கா. ஸ்டெல்லாவுக்கும் முதல் கல்யாணம் முறிந்துவிட்டது. "புள்ள இருக்குனு எடுத்ததும் சொல்லிராதடா. மொத பேசிப் பழகு." இதுவும் அக்காவின் யோசனைதான்.

சட்டைக்கு இஸ்திரி போட்டேன். தலைக்குச் சாயம் பூசினேன். 'நான் தனிக்கட்டை, சூப்பர்வைசர் வேலை' என்று சொல்லியும் விட்டேன். சாப்பிட்டு முடித்ததும், கடைக்காரரிடம் ரோஸ் சர்பத் பார்சல் கேட்கும்போது, வாய் தன் பழக்கத்தைக் காட்டியது.

"பாஸ்! ஒரு சிராப் தாப்பாவ் லா. ஈக்காட் மாத்தி!"

ஸ்டெல்லா நிமிர்ந்தார். "யாருக்கு?"

"எனக்குத்தான். வீட்ல போயி குடிக்க."

"பொய்யி! தனக்கு வாங்குற ஆம்பள ஈக்காட் தெப்பிதான் கேப்பான். பைய ஓரமாக் கட்டி, ஸ்ட்ரா சொருகி, மோட்டார்ல மாட்டி, உறிஞ்சிக்கிட்டே போவான். ஈக்காட் மாத்தினு, சொட்டு சிந்தாம பை வாய இறுக்கிக் கட்டச் சொன்னா… வீட்ல ஒரு புள்ள காத்துக்கிட்டிருக்கு."

ஒரு முடிச்சில் என் வீட்டு விவரம் முழுவதும் வெளியே வந்துவிட்டது! எழுந்தேன். நடந்தேன்.

மோட்டார் பக்கத்தில் பிடித்துவிட்டார். கையில் சிவப்பாக சிராப் பை.

"புள்ளையோடத விட்டுட்டுப் போறீங்களே. பொண்ணா, பையனா?"

"பொண்ணு. ஒம்பது வயசு."

"எனக்கு ரெண்டு. நானும் சொல்லல. மேரி அக்கா வேணாம்னாங்க."

இருவரும் சிரித்துவிட்டோம். தனியாகப் பிள்ளை வளர்க்கும் இரண்டு பேர் சந்தித்தால் இதுதான் கூத்து—நாள் முழுக்கப் பேச ஆசைப்படும் ஒரே விஷயத்தை ஒளித்துவைத்துவிட்டு, மீன் குழம்பில் புளி தூக்கல் என்று பேசிக்கொண்டிருப்போம்.

சிரிப்பு அடங்கியது. "சூப்பர்வைசர்னு சொன்னீங்களே… அதுவும் பொய்யா?"

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? படிப்பு ஆறாம் ஆண்டோடு நின்றது. மந்தின் டவுன் டயர் கடை வேலையை விட்டு ஒரு வாரம். அதற்கு முன் லாரி, அதற்கும் முன் கோழிப் பண்ணை. எங்கேயும் இரண்டு மாதம் தாண்டியதில்லை. என்னோடு அலைந்து ரோஷினி மூன்று பள்ளி மாறிவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொய்ய விடுங்க, நானும்தான் சொன்னேன். ஆனா ஓடிக்கிட்டே இருக்குற ஆள நம்பி ரெண்டு புள்ளைங்கள எப்படிக் கூட்டிட்டு வருவேன்? ஒரே வேலையில மூணு மாசம் நில்லுங்க. அப்புறம் பொண்ணோட வாங்க."

"அதுவரைக்கும்?"

"ஈக்காட் தெப்பிதான். இறுக்கிக் கட்டுறதெல்லாம் பெறகு!"

கவனித்தீர்களா? 'அண்ணே' காணாமல் போயிருந்தது.

மறுநாள் காலை எஸ்டேட் செம்பனை நாற்றுப் பண்ணையில் தண்ணீர் ஊற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். "இந்தக் கன்னுங்க பத்து மாசம் ஒரே எடத்துல நிக்கும். நீ நிப்பியாடா?" என்றார் அங்கே ஆட்களை மேய்க்கும் மண்டோர்.

எனக்கு மூன்றே மாதம்தானே… நிற்க மாட்டேனா?